தேங்காயெண்ணெய் விட்ட மேகசின்

கைத்துப்பாக்கி வாங்குகிறவனுக்கு அதில் குண்டு போடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. எங்கள் முதலாளிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம், சேலத்திலிருந்து இரண்டு நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, புதுத் துப்பாக்கியோடு ஏற்காட்டு மலையில் மாரமங்கலம் பக்கத்துக் காபி எஸ்டேட்டுக்கு வந்து இறங்கினார். நான் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர்.

பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொல்ல என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். வரிக்கு வரி ‘மேகசின்’ என்று வந்தது. எனக்குத் தெரிந்த மேகசின் வாராவாரம் பஸ்ஸில் வரும் பத்திரிகைதான். இதுவோ துப்பாக்கியின் கைப்பிடிக்குள் நுழைகிற இரும்புக் கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தட்டு. குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கினால், ஸ்பிரிங் ஒவ்வொன்றாக மேலே தள்ளிக் கொடுக்கும். இவ்வளவுதான் விஷயம்.

முதலாளி முதல் குண்டையே திருப்பி வைத்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன்தான் அதைப் பார்த்தார். அவர் செம்மநத்தத்துக்காரர்; காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பம். நிறைமாதக் கர்ப்பிணியான மகளோடு, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்.

“ஏனுங்க மொதலாளி, மூக்கு முன்னால பாக்கோணுமுங்க.”

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. அப்புறம் கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அழுத்தினார். ஏழு கொள்ளும் கூட்டில் எட்டாவதைத் திணிக்கப் பார்த்தார். முடியாமல் போகவே எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, “எண்ணெய் விட்டா வழுக்கிட்டுப் போகுது” என்று சமையற்காரரிடம் தேங்காயெண்ணெய் கேட்டார்.

“காயிதத்துல அப்படி விடக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்க” என்றேன்.

“படிக்கச் சொன்னா படி. எனக்குப் புத்தி சொல்லாத.”

மார்கழியில் ஏற்காட்டு மலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைக்காத வீடு கிடையாது. சமையற்காரரும் அங்கிருந்துதான் இளக்கமாக எடுத்து வந்தார். முதலாளி சேலத்து வெயிலில் வளர்ந்தவர், மேகசினுக்குள் தாராளமாக ஊற்றினார். ஏழு குண்டும் சுகமாக இறங்கின. அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த எண்ணெய் விடிவதற்குள் என்ன ஆகும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை, காபிப் பழம் எடுத்துக்கொண்டிருந்த ஆட்களையெல்லாம் வேடிக்கை பார்க்க வரவழைத்தார். மண்மேட்டில் ஒரு தகர டின்னை வைத்துச் சுட்டார். முதல் குண்டு மண்ணுக்குள் போனது. அடுத்து ‘டிக்’ என்றது. துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி சுட்டார், மறுபடியும் ‘டிக்’. மேகசினைக் கழற்றிப் பார்த்தால், எண்ணெய் வெள்ளையாக உறைந்து குண்டுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நேத்துப் பெட்டி எவன் கையில இருந்துச்சு?” என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். “நாட்டுத் துப்பாக்கின்னு நெனச்சு எண்ணெய ஊத்தி வச்சிருக்கான் பாரு! இன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லு!”

எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன அநியாயம் இது! ஊற்றியது அவர் கை. கண்ணால் பார்த்த சாட்சிகள் அங்கேயே நிற்கிறோம். நண்பர்கள் இரண்டு பேரும் கார் டயரில் என்னவோ ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார்கள். சமையற்காரர் பங்களாவுக்குள் போய்விட்டார்.

“நீங்கதானுங்களே…” என்று ஆரம்பித்தேன்.

“ஏன் ரைட்டர், நீயும் சேர்ந்து காலி பண்றியா?”

அத்தோடு நானும் கார் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டேன். சொல்லவே கூசுகிறது. வாட்ச்மேன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார். தன்மேல் தப்பில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன பயன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் பெரிய மனது பண்ணி, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிவைக்கச் சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். எழுத வேண்டியவன் நான். ‘அறியாமையால் துப்பாக்கியில் தேங்காயெண்ணெய் விட்டுவிட்டேன், ஐயா அவர்கள் மன்னிக்க வேண்டும்.’ அறியாமை! யாருடைய அறியாமை? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்து, வாட்ச்மேனுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றியபடி கேட்டார்:

“ஏனுங்க ரைட்டரே, தேங்காயெண்ணெயின்னே எழுதோணுமுங்களா? எங்க ஊட்டுல அத வாங்குனதே இல்லீங்களே. புள்ளைக்குக்கூடத் தலைக்கு வெளக்கெண்ணெய்தானுங்க.”

“அப்படியே இருக்கட்டுமுங்கண்ணா” என்று சொல்லி, அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் நானே அழுத்தினேன்.