மீட்டர் மச்சினனும் நாலு வருஷக் கணக்கும்

என் மச்சினனைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவனை ஆளாக்கியவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது; நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று பெரிய ஆஸ்பத்திரியிலோ துணிக்கடையிலோ மின்சாரம் போனால், அடுத்த நொடி உறுமுகிற ஜெனரேட்டர் என் பட்டறையின் கைபட்டதாகத்தான் இருக்கும். அந்தப் பட்டறையின் முதல் ஆள் என் வீட்டுக்காரியின் தம்பி. எல்லாரும் அவனை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. ஜெனரேட்டர் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பது எங்கள் தொழிலில் ஒரு பொருட்டே இல்லை. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கென்று முகப்பில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும், நின்றால் நிற்கும். ஆயில் மாற்றுவதெல்லாம் அதைப் பார்த்துத்தான். "பத்து வருஷமா வச்சிருக்கேன், கிழடாயிடுச்சு" என்று யாராவது புலம்பினால், என் மச்சினன் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் பச்சப்புள்ள சார், ஓடவே இல்ல" என்பான்.

அவன் மனைவி நர்ஸ். கல்யாணமான மூன்றரை வருடத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுவாள். இப்படியே ஏழு வருடத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் கணவனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைத்தது. பாக்கி இருந்தது விசா அலுவலகத்தில் ஒரு நேர்காணல் மட்டுமே. அது தவறினால் இன்னும் எத்தனை காலம் ஃபோனிலேயே குடித்தனம் நடத்துவது என்று யாருக்கும் தெரியாது.

"மொழிபெயர்க்க ஒரு ஆள வச்சுக்கோ மாப்ள" என்றேன்.

"வேணாம் மாமா. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல இன்னொருத்தன் எதுக்கு?"

என் மச்சினன் அல்லவா, ரோஷம் இருக்கத்தானே செய்யும். பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான். அங்கே எல்லாரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டாம். எப்போதோ தொடங்கி இன்னமும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிற காரியத்தைச் சொல்லும் வாக்கியம். 'ஹேவ் பீன்' என்று போட்டு, வினையை இழுத்து, எவ்வளவு காலமாக என்று கடைசியில் சொல்ல வேண்டும். இவன் மட்டும் கற்பூரமாகப் பற்றிக்கொண்டான்.

"இது எங்க தொழில் வாக்கியம் டீச்சர்" என்றானாம். "எஞ்சின் எவ்ளோ நேரமா ஓடிக்கிட்டிருக்குன்னுதான நாங்க தினமும் கேக்குறோம்?"

இதற்கு வகுப்பே தேவையில்லை என்று நான் அப்போதே சொன்னேன். ஓடிச்சு என்பது வேறு, ஓடிக்கிட்டிருக்கு என்பது வேறு. என் பட்டறையில் துடைக்கிற துணிக்குக்கூட அது தெரியும். ஆனால் அவன் விடவில்லை. ஒருநாள் ஸ்பேனரும் கையுமாக என்னைப் பார்த்து, "மாமா, யூ ஹேவ் பீன் ஷௌட்டிங் சின்ஸ் மார்னிங்" என்றான். திட்டுகிறானோ என்று பார்த்தேன். இல்லை, காலையிலிருந்து நான் கத்திக்கொண்டே இருக்கிறேன் என்று உண்மையைத்தான் சொன்னானாம்.

நேர்காணலில் அதிகாரி கேட்ட கேள்வியும் அதே வாக்கியத்தில்தான் வந்தது. எவ்வளவு காலமாகக் கணவன் மனைவியாக வாழ்ந்து வருகிறீர்கள்? இவன் மனக்கணக்குப் போட்டு, இலக்கணம் பிசகாமல் பதில் சொன்னான்: நாலு வருடமாக. அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

"மீதி ஏழு வருடம்?"

"ஆஃப், சார்."

பத்து நாளில் பதில் வந்தது. தம்பதி பிரிந்துவிட்டார்களோ என்று சந்தேகம். மறுபடி வரவும், மனைவியிடமும் ஃபோனில் விசாரிக்கப்படும், சந்தேகம் தீராவிட்டால் விசா கிடையாது.

என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப்பொறந்தவன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குடா. கல்யாணம் என்ன டீசல்லயா ஓடுது?"

"லீவு மாசத்தையெல்லாம் நியாயமா கூட்டித்தான்க்கா சொன்னேன்."

நானும் விரல் விட்டுப் பார்த்தேன். கூட்டல் சரிதான் என்றேன். அதற்கு அவள் என்னையும் சேர்த்து முறைத்தாள்.

அன்று நர்ஸுக்கு ஃபோன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தோம். அவன் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"அப்ப மிச்ச ஏழு வருஷம் நான் யாருங்க?"

இவன் மறுபடி விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். அவளே தொடர்ந்தாள்:

"கரண்ட் இருக்குற நாள்ல ஜெனரேட்டரத் தூக்கித் தெருவுல போட்டுடுவீங்களா?"

"அதெப்படி? பேட்டரி சார்ஜுலயே இருக்கும். எப்ப கேட்டாலும் ஸ்டார்ட் ஆகணும்ல."

"தினமும் என் டீ நேரம் பாத்து ஃபோன் பண்றீங்களே, அது என்ன?"

"சார்ஜுதான்."

"அத அந்த ஆஃபீசர்கிட்ட சொல்லுங்க. எனக்கு வார்டுக்கு நேரமாச்சு. அண்ணா, இவர ஒழுங்கா சட்டை போட வச்சு அனுப்புங்க."

இரண்டாம் முறை நானே கூட்டிப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவன் வந்து சொன்னான். 'ஆஃப்' தப்பான வார்த்தை சார் என்று ஆரம்பித்தானாம். ஏழு வருடமாகத் தினமும் அவளை அழைத்துக்கொண்டிருக்கிறேன், ஏழு வருடமாகத் தனியே சமைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே தயாராக நின்றுகொண்டிருக்கிறாள், நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று 'ஹேவ் பீன்', 'ஹேஸ் பீன்' ஒன்றுவிடாமல் அடுக்கியிருக்கிறான்.

அதிகாரி அவன் முன்னாலேயே அவளுக்கு ஃபோன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"பதினோரு வருடமாக" என்றாள், மூச்சுக்கூட விடாமல்.

"உங்கள் கணவர் நாலு என்றாரே?"

"ஹி ஹேஸ் பீன் ரிப்பேரிங் ஜெனரேட்டர்ஸ் ஃபார் டூ லாங், சார்."

மனுஷன் ரொம்பக் காலமாக ஜெனரேட்டரோடே கிடந்து இப்படி ஆகிவிட்டான் என்று அர்த்தம். அதிகாரி சிரித்துவிட்டாராம். விசா வந்தது.

அவன் போனதில் எனக்குக் கை ஒடிந்ததுதான். ஆனாலும் அந்த ஊர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறையிலேயே வேலை பேசியிருக்கிறார்கள். என் பட்டறை ஆளைக் கண்டால் யார் விடுவார்கள்? அவன் போய் இறங்கிய மறுநாள் நர்ஸ் என்னை அழைத்தாள்.

"அண்ணா, வந்ததுலேர்ந்து தூங்கிக்கிட்டே இருக்காரு. சாப்பிடக்கூட எந்திரிக்கல. எழுப்பவா?"

"வேணாம்மா. ஃபோனை அவன் மூக்குகிட்ட கொண்டு போ" என்றேன்.

கொண்டுபோனாள். ஐம்பது வருடமாக எஞ்சின் சத்தம் கேட்ட காது இது. சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.