அடியில் சீவிய கதவு

சணல் நாரை பாலியெஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசினில் தோய்த்து, அச்சில் அழுத்திக் கதவு செய்யும் கம்பெனியில் தரப் பிரிவில் வேலை பார்த்தேன். புகார் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பதும் என் பொறுப்பு. மழைக்காலத்தில் பாத்ரூம் கதவு இறுகிவிட்டது என்று போன் வருவது சகஜம். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்த போனில் மட்டும், "உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க" என்றார்கள். நான் போய்ச் சேருவதற்குள் அவரை வெளியே எடுத்திருந்தார்கள்.

விமலா வீட்டில்

அது அடுக்குமாடிக் குடியிருப்பு. விமலா பள்ளிக்கூட டீச்சர், தனியாக இருப்பவர். முந்தின நாள் சாயங்காலம் குளிக்கப் போனவர், காலையில் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வீட்டு வேலைக்கு வந்த செல்வி கதவை உதைத்துத் தள்ளும்வரை உள்ளேயே இருந்திருக்கிறார். கதவைப் பற்றிக் கேட்க வந்தவள், வேறு எதையோ கேட்டேன்.

"கத்திப் பாத்தீங்களா மேடம்?"

"கத்தினேன். மேல் வீட்டுல டிவி ஓடுது. பக்கத்து வீடு பூட்டியிருக்கு." "போன் டைனிங் டேபிள்லதான் இருந்துச்சு. அடிச்சா உள்ள கேக்கும். விடியற வரைக்கும் அடிக்கவே இல்ல."

கதவின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. நார் தண்ணீர் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அப்படி மாறி மாறி நடந்தால் நாருக்கும் ரெசினுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். அந்த இடுக்கில் இன்னும் தண்ணீர் ஏறும், பூஞ்சை பிடிக்கும். மேல் பாதி புதுசு போல இருந்தது. அடியில் ரம்பம் போட்ட தடம் தெரிந்தது; ரெசின் மூடியிருந்த விளிம்பு போய், நார் வெளியே தெரிந்தது.

மாட்டியவர்

கதவு மாட்டிய கார்பெண்டர் ஏழுமலையைச் சிந்தாதிரிப்பேட்டையில் போய்ப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை.

"இன்னா மேடம் பண்றது? டைல்ஸ் மேல ஏறிக்கீது, கதவு உள்ள போவல. அடியில சீவி வுட்டேன். அந்த பில்டிங்ல எல்லா கதவும் அப்டித்தான்."

"வெட்டின இடத்துல ரெசின் பூசணுமே?"

"யாரு சொன்னாங்க எனுக்கு? கதவு குடுத்தீங்களே, ரெசின் குடுத்தீங்களா?"

அவர் சொன்னது சரி. கதவோடு நாங்கள் எதுவும் கொடுத்ததில்லை.

மேனேஜர் அறையில்

மேனேஜர் முழுதாகக் கேட்கவில்லை. "தண்ணி அதிகமா ஊத்திட்டாங்கன்னு எழுதி முடிங்க மேடம். ஒரு கதவுக்காகப் பில்டிங் முழுக்கக் கழட்ட முடியுமா?"

"பாத்ரூம் கதவுல தண்ணி படாம வேற எங்க சார் படும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் போகவில்லை. "சார், அந்தம்மா ராத்திரி முழுக்க ஈரத் தரையில உக்காந்திருந்தாங்க. அடுத்த வீட்டுல யாருக்காவது நெஞ்சுவலி வந்து உள்ள மாட்டினா என்ன எழுதுவோம்?"

சாயங்காலம் அனுமதி வந்தது. எல்லாக் கதவையும் இறக்கினோம். பாதிக்கு மேல் அடி கறுத்திருந்தது. கெட்டதை மாற்றினோம், மற்றதைக் காயவைத்து, வெட்டிய விளிம்பில் ரெசின் பூசி மாட்டினோம். ஏழுமலையையே அந்த வேலைக்குக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவோடும் ஒரு ரெசின் டப்பா போனது.

விமலா வீட்டில் புதுக் கதவு மாட்டியதும், "சாத்திப் பாருங்க" என்றேன். அவர் நகரவில்லை.

"நான் இப்பல்லாம் சாத்துறதே இல்ல. வீட்டுல யாரு இருக்கா, பாக்குறதுக்கு?"

"நான் வெளியில நிக்கிறேன். தாழ் போடுங்க."

போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். "இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்கேன்" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். லேபில் நாம் நான்கு விளிம்பும் மூடிய துண்டைத்தான் தண்ணீரில் போட்டு, எவ்வளவு குடித்தது என்று எடை பார்க்கிறோம். வீட்டில் கதவை வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டையும் போட்டுப் பாருங்கள்.

அந்த வாரமே வடபழனியில் என் வீட்டு பாத்ரூம் கதவையும் குனிந்து பார்த்தேன். அடி காய்ந்து, உறுதியாகத்தான் இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வெளியே நிற்க யாரும் இல்லை.