புத்தர் சிலை வைத்த சாப்பாட்டுக்கடை

1986ஆம் ஆண்டு இலையுதிர் காலம். நானும் என் கணவரும் இலங்கையிலிருந்து டென்மார்க்கின் வடக்கே உள்ள ஓல்போர்க் நகரத்துக்கு அகதிகளாக வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

மசக்கை எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு வந்தது என்னைப் பழிவாங்கவென்றே வந்தது. உருளைக்கிழங்கு அவிகிற மணம், கறுத்தப் பாண் ரொட்டி, பட்டர், எதுவென்றாலும் குடலைப் பிரட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் போட்டு என் கணவர் வைத்த கறியும் வயிற்றில் தங்கவில்லை. அவருடைய கறிக்கு மசக்கையை மட்டும் குறை சொல்ல முடியாது, அது வேறு கதை. அடுத்த கிழமையும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சேலைன் ஏற்ற வேண்டும், இப்படியே போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவமாது சொல்லிவிட்டார். அதற்கு முதல் வருடம் எனக்கு ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. இதுவும் போய்விடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மொழிப் பாடசாலைக்குப் போகும் வழியில், துறைமுகத்துப் பக்கம், மூன்று படி கீழே இறங்கிப் போகிற ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை இருந்தது. அதைக் கடக்கும்போது மட்டும் எனக்கு வயிறு பிரட்டாது. செத்தல் மிளகாயும் உள்ளியும் எண்ணெயில் பொரிகிற மணம் வரும். வாயில் எச்சில் ஊறும். ஆனால் என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார். காரணம், அந்தக் கடையின் கண்ணாடி யன்னலுக்குள் பூ வைத்த ஒரு புத்தர் சிலை. உள்ளே ஏறக்குறைய எங்கள் நிறத்தில் ஒரு பெண். பலகையில் இருந்த பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

“அது சிங்கள ஆக்களின்ரை கடை. அந்தப் பக்கம் திரும்பியும் பாக்காதையும்” என்றார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் அவர் வேலை பார்த்த தமிழ்க் கடையைச் சிங்களக் கும்பல் எரித்தது. பின்மதிலால் குதித்து உயிர் தப்பியவர். அவரோடு என்ன வாதாடுவது? எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் தனியாகப் பாடசாலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கடையடியில் அதே மணம் வந்தது. கால் நகர மாட்டேன் என்றது. சிங்களவராக இருந்தால் இருக்கட்டும், வெளியே போ என்பார்கள், அவ்வளவுதானே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் படியில் இறங்குமுன் நெற்றிப் பொட்டை உரித்துப் பாடப் புத்தகத்துக்குள் ஒட்டினேன். தமிழ்ச்சி என்று தெரியக்கூடாதல்லவா!

நாலே நாலு மேசை. வேறு ஆட்கள் இல்லை. அந்தப் பெண் சாப்பாட்டு அட்டையை என் முன் வைத்தார். எனக்கு எழுத்துகள் ஆடின. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் வயிற்றில் கை வைத்து, அப்படியா என்று புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். உடனே அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்து வந்தது உரலில் இடிக்கிற சத்தம். டென்மார்க்கில் உரல் சத்தம்!

சோறும், துருவிய கரட்டில் ஒரு சம்பலும் கொண்டுவந்து வைத்தார். பச்சை மிளகாய், உள்ளி, காய்ந்த இறால், தேசிக்காய்ப்புளி எல்லாம் சேர்த்து இடித்தது. கரண்டியை எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. கையால் அள்ளி வாயில் வைத்தேன். புளிப்பும் உறைப்பும் தலைக்கு ஏறின. கண்ணால், மூக்கால் எல்லாம் தண்ணீர். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் தன்னுடைய சோற்றுக் கோப்பையோடு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சோற்றைக் கையால் உருட்டி அதே சம்பலில் தொட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அது விற்கிற சாப்பாடே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். டெனிஷ்காரருக்கு அவர் சமைத்ததெல்லாம் உறைப்பில்லாத, இனிப்பான சாப்பாடு. எனக்குத் தந்தது தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டில் பாதி.

கோப்பை வெறுமையான பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. பாடசாலையில் படித்த முதல் டெனிஷ் வசனத்தால், எந்த நாடு என்று பயந்து பயந்து கேட்டேன். தாய்லாந்து என்றார். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அவர் ஒரு டெனிஷ்காரரைக் கல்யாணம் செய்து வந்தவராம். நான் எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. நாளைக்கும் வா என்று சைகை காட்டினார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். தாய்லாந்து என்றதும் முகம் மலர்ந்தது.

“அப்ப பயமில்லை” என்றார்.

எனக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது. “நான் சாப்பிடேக்கை அது எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் சனிக்கிழமை காய்ச்சல் விட்டதும் என்னோடு வந்தார். வாசலில் நின்று புத்தரை நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

அடுத்த கிழமை தராசில் என் எடை குறையவில்லை. வசந்தத்தில் மகள் குறையில்லாமல் பிறந்தாள். அந்தப் பெண் சிங்களவர் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் தந்த சோறு அதற்கு முன்பே என் வயிற்றில் தங்கிவிட்டிருந்தது.