விழாத அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நடவுக்காக வயல்களெல்லாம் உழுது கிடந்த சமயம் அது. என் வலக்கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போடக்கூட வீட்டுக்காரி கை கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கோ பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த வயல். நடாமல் தரிசு போட்டால் வயலுக்கு உடையவர் அடுத்த பூவுக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார். பாடுபட வீட்டில் இன்னொரு ஆண்பிள்ளை கிடையாது.

வலி எப்படி வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வயல்காரர் என்னை வர்மத்தில் தட்டிவிட்டார் என்றார்கள். சில நாள் முன்பு மடைத் தண்ணீருக்காக எங்களுக்குள் தகராறு வந்ததும், அவர் என் தோளைப் பிடித்து விலக்கியதும் உண்மைதான். வர்ம அடி அன்றைக்கே தெரியாது, உள்ளே இருந்து மெல்ல மெல்ல வேலை செய்யும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். இப்படி ஒரு பேச்சும் காதில் விழுந்தால் கேட்கவா வேண்டும்? நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், வர்ம அடிக்கு அந்த மருந்து சேராது என்று அதற்கும் முட்டுக்கட்டை போட்டார்கள்.

ஒருநாள் காலையில் அந்தப் பக்கத்து வயல்காரரே மாட்டுவண்டியோடு வந்து வாசலில் நின்றார். திற்பரப்புக்கு அப்பால் வர்ம வைத்தியம் பார்க்கும் ஓர் ஆசான் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வர்மத்தில் அடித்தவனே அதை இளக்கவும் வழி பார்க்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. ஆக, இவர் வண்டி கட்டிக்கொண்டு வந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான் என்று எனக்குப் பட்டது. ஒருவேளை ஆசானைக் கையில் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் முடிக்கப் பார்க்கிறாரோ என்றும் தோன்றியது. அவர் கொடுக்கும் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடாதீர்கள் என்று வீட்டுக்காரி காதில் ஓதினாள். ஆனால் நாற்றங்காலைப் பார்த்தால் வேறு வழியும் தெரியவில்லை. ஏறி, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். வழியில் இளநீர் வாங்கி நீட்டினார். தாகமில்லை என்றேன். நாக்கு வறண்டு ஒட்டிக் கிடந்தது.

ஆசான் வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். முழங்கால் வீங்கியவர்கள், இடுப்புப் பிடித்தவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள். ஆசான் ஒற்றை ஆள். அடிபட்டு வருபவர்களையும் மரத்திலிருந்து விழுந்தவர்களையும் மட்டும்தான் உடனே உள்ளே விடுவார். மற்ற எல்லோருக்கும் தவணை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். என்னையும் தூரத்தில் நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது வெறும் பிடிப்பு, அடுத்த மாதம் வா என்றார். அடுத்த மாதம் நான் எதை நட?

அப்போதுதான் பக்கத்து வயல்காரர் முன்னால் போய் நின்றார்.

"ஆசானே, இது பிடிப்பு இல்ல. நான் அடிச்ச அடி."

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. அவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன், பாழாய்ப்போன கை எழும்பவில்லை.

ஆசான் என்னை உடனே உள்ளே கூப்பிட்டு, தோளை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. பக்கத்து வயல்காரரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இதில அடி கொண்ட எடம் ஒண்ணும் இல்ல. நீ எதுக்குக் கள்ளம் பறஞ்ச?"

"உள்ளத சொன்னா அடுத்த மாசம்னுட்டீரு. அதுக்குள்ள இவரு நாத்து முத்திப் போவும்லா."

ஆசான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனால் கை வைத்த நோயாளியை வெளியே அனுப்பவில்லை. ஏசிக்கொண்டே எண்ணெயை எடுத்தார்.

நான் பக்கத்து வயல்காரர் பக்கம் திரும்பினேன். ஊர் என்ன பேசும் என்று தெரியாதா வே என்று கேட்டேன்.

"தெரியும். உம்ம வயலு தரிசு கெடந்தா எலியும் களையும் எனக்குத்தானே வே" என்றார்.

அவ்வளவுதானா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அங்கேயே தங்கி எண்ணெய் தேய்த்து உழிச்சலும் ஒத்தடமுமாக இருந்ததில் கை வழிக்கு வந்தது. நாற்று முத்துவதற்குள் நடவும் முடிந்தது. ஆனால் முற்றத்தில் அவர் சொன்ன வார்த்தை எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பின் ஊரில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் அவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். கோயில் கூட்டத்தில் அவர் பக்கத்தில் தோள் உரசி நிற்க ஆள் இல்லை. அவர் என்னை அடிக்கவே இல்லை என்று வீடு வீடாகச் சொன்னேன். இவனை அவன் மிரட்டி வைத்திருக்கிறான், பாவம் என்று எனக்காகவே இரக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர் காலமாகும்வரை அந்தப் பேர் போகவில்லை. எனக்காக அவர் சொன்ன ஒரே ஒரு பொய்யை ஊர் நம்பியது, அவருக்காக ஆயுள் முழுக்க நான் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.