பாதரசம் வந்த வழி

கருவியின் திரையில் அந்தக் கூம்பு முதன்முதலாக எழுந்தபோது, என் கையிலிருந்த எழுதுகோல் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனியவும் மனம் வரவில்லை. கண்ணை எடுத்தால் கூம்பு மறைந்துவிடும் என்று தோன்றியது.

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். வகுப்புகள் முடிந்த பின்னர், வைகையிலும் நகரின் கழிவுநீர் ஓடும் வாய்க்கால்களிலும் நீரெடுத்து, அதில் கரைந்துள்ள உலோகங்களை அளப்பது என் ஆய்வு. ஈயம் அகப்படும்; குரோமியம் அகப்படும்; பாதரசம் மட்டும் அகப்பட்டதில்லை. நீரிலுள்ள பாதரசத்தை ஆவியாக்கி ஒரு விளக்கொளியின் குறுக்கே செலுத்தினால், அந்த ஆவி ஒளியில் சிறிதை விழுங்கிவிடும். விழுங்கிய அளவு திரையில் கூம்பாக எழும். பாதரசம் இல்லையெனில் கோடு தட்டையாகவே கிடக்கும். அதுவரை எனக்குத் தட்டைக் கோடுகளே பழக்கம். அன்று எழுந்த கூம்போ, குடிநீருக்கென வகுத்த எல்லையைத் தாண்டி நின்றது.

அந்த நீர், நகருக்குக் கிழக்கே ஒரு கீரை விவசாயியின் கிணற்றிலிருந்து வந்தது. கழிவுநீர் வாய்க்காலின் கரையை ஒட்டியே அவருடைய தோட்டம். பக்கத்தில் புதிதாய் எழுந்த குடியிருப்பினர், “சாக்கடைத் தண்ணீரில் விளைந்த கீரை” என்று பேசத் தொடங்கியிருந்தனர். அந்த வாய்களை அடைக்கும் பொருட்டு, நீரைச் சோதித்துத் தருமாறு அவரே கல்லூரிக்கு வந்து கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் அவருடைய தோட்டத்திற்குப் போய் நீரெடுத்தோம். மறுநாள் முடிவை அவரிடம் சொன்னேன்.

“பாதரசமா டீச்சர்? தர்மாமீட்டர்ல இருக்குமே, அதா?”

“அதேதான் அண்ணே.”

“அது எப்படி என் கெணத்துக்கு வரும்? நான் என்ன தண்ணிக்குக் காச்சலா பாக்குறேன்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டு முடித்ததும் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். எல்லையை மீறிய முடிவை அரசு அலுவலகத்திற்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. தெரிவித்தால், கிணற்று மோட்டாருக்கு முத்திரை விழும். கீரை, நீரின்றி நான்கு நாள் தாங்காத பயிர். துறைத் தலைவரிடம் பேசி, மறுசோதனைக்காக ஒன்பது நாள் வாங்கினேன். அதற்குள் பாதரசம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்துவிட்டால், அடைபட வேண்டியது அந்த மூலமாகவே இருக்கும். அவருடைய கிணறாக இராது.

அவருக்காக இரங்கினேன் என்பது உண்மை. மனத்துள் ஓர் ஆரவாரம் எழுந்ததும் உண்மையே. இத்தனை ஆண்டுகள் தேடியது இந்த நகரின் நீரில் எங்கோ ஒளிந்திருக்கிறது. வாய்க்காலின் வழியே மேலேறிச் சென்றால் அதன் வாயிலில் போய் நிற்கலாம். அன்றிரவு திருநகர் வீட்டில், சோற்றைப் பிசைந்தபடியே வாய்க்காலின் கிளைகளைத் தட்டில் விரலால் வரைந்துகொண்டிருந்தேன்.

என்னுடன் வந்தவர் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கருவியாளர். பழைய நகரத்தில் தலைமுறைகளாக அத்தர் விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். கருவியை இயக்குவதும் அவரே, காரை ஓட்டுவதும் அவரே. விவசாயிக்கும் அவருக்கும் முதல் நாளிலேயே உறவு ஒட்டிக்கொண்டது. இவர் “மாமா” என்றார். அவர் “மாப்ள” என்றார்.

செவ்வாய்க்கிழமை, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற்குப் பின்புறம் வாய்க்கால் ஒரு சிறு பாலத்தைக் கடக்கும் இடத்தில் மூவரும் நின்றோம். செவ்வாயும் வெள்ளியும் விவசாயி கீரைக்கட்டுகளுடன் நகருக்கு வரும் நாள்கள். விற்று முடித்ததும் எங்கள் காரில் ஏறிக்கொண்டார். கரை வழுக்கியது. இறங்கி நீரெடுக்கும் வேலையை, தோட்டத்தில் செய்ததைப் போலவே, அவர் தம்முடையதாக்கிக்கொண்டார்.

“மாமா, கையுறையப் போடுங்க. இது அழுக்குத் தண்ணி, உடம்புக்கு ஆகாது.”

“எனக்கு ஒண்ணும் ஆகாது மாப்ள. அரணாக்கொடியில மணி கட்டியிருக்கேன்ல.”

“மணி உங்களக் காப்பாத்தும். எங்க சாம்பிள யாரு காப்பாத்துவா?”

“அத்தர்க்கடைக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா எப்படி? நீ இறங்கு, நான் மேல நிக்கிறேன்.”

“நான் இறங்குனா எங்க வாப்பா கடையில என்னையச் சேக்க மாட்டாரு மாமா.”

விவசாயி கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் புல்லைப் பற்றியபடி இறங்கினார். நீரோட்டத்திற்கு எதிர்முகமாய் நின்று புட்டியை முழுகச்செய்து, மூடி, என்னிடம் நீட்டினார். நான் கற்பித்ததில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. புட்டிகளை அமிலத்தில் ஊறவைப்பது, இரட்டை உறையில் பொதிவது, கையுறை அணிவது, வாயைக் கையால் தொடாதிருப்பது என்று விதிகளை நானே எழுதி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அன்று மாலை கூம்பு மீண்டும் எழுந்தது. கருவியாளர் மேசையைத் தட்டினார். “மேல ஏறுது மேடம். நம்ம கையில சிக்கிரும்.”

புதன்கிழமை விவசாயிக்கு உறவினர் வீட்டில் காதுகுத்து. நாங்கள் இருவரும் போய், பாலத்தின் மேலிருந்தே கயிற்றில் புட்டியை இறக்கி நீரெடுத்தோம். மேலும் இரண்டு இடங்களிலும் அவ்வாறே எடுத்தோம். மூன்றிலும் கோடு தட்டை. முந்தைய நாள் கூம்பெழுந்த அதே பாலத்தின் நீரில் ஒரு துளிப் பாதரசமும் இல்லை.

சோர்ந்திருக்க வேண்டியவள் துள்ளினேன். ஒரு நாள் இருந்து மறுநாள் மறையுமாயின், அது மண்ணிலிருந்து ஊறுவதன்று. யாரோ நாள் பார்த்துத் திறந்துவிடுவது. கிணற்று நீர் எடுத்தது வெள்ளி. பாலத்தில் கண்டது செவ்வாய். நாள்காட்டியில் இரு கிழமைகளையும் வட்டமிட்டுக் காட்டினேன்.

கருவியாளர் தாடையைத் தடவினார். “செவ்வாயும் வெள்ளியும். ரொம்ப பக்தியான ஆளா இருப்பாரு போல மேடம்.”

முலாம் பூசும் பட்டறையா, பழைய மின்விளக்குகளை உடைக்கும் கிடங்கா என்று அன்று முழுவதும் ஊகித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வெள்ளிக்காகக் காத்திருந்தது, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியின் நிலை.

வெள்ளியன்று விவசாயியும் வந்தார். பாலத்தருகே நீரெடுத்தபின், ஒப்பீட்டுக்காக மேற்கே போனோம். வாடிப்பட்டிக்குத் தெற்கே, நகரின் கழிவு எதுவும் கலப்பதற்கு முன்னர் வைகையில் ஓடும் நீர் ஐயத்திற்கு இடமற்றது. அங்கே பாதரசம் இல்லையென்று காட்டினால், மூலம் நகருக்குள்தான் என்பது உறுதிப்படும். தொலைவான பயணம் என்பதால், வெற்று மாதிரி ஒன்றையும் எடுத்துச் சென்றிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த தூய நீரை ஒரு புட்டியில் நிரப்பிக் கொண்டுபோய், ஆற்றங்கரையில் திறந்து, சிறிது நேரம் கழித்து அவ்வாறே மூடிக் கொண்டுவருவது. வழியில் அழுக்குச் சேர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். முந்தைய பயணங்களில், பக்கத்து இடந்தானே என்று இதை விட்டுவிட்டேன். இப்போதும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

சனிக்கிழமை காலை, பாலத்து நீரில் கூம்பு எழுந்தது. எடுத்தது வெள்ளிக்கிழமை. நான் கைதட்டியேவிட்டேன்.

அடுத்து வாடிப்பட்டி ஆற்று நீர். அதிலும் கூம்பு.

“இது எங்கிட்டு இருந்து வருது மேடம்?” கருவியாளரின் குரல் இறங்கியிருந்தது. “மேக்க மலைதான இருக்கு.”

வெற்று மாதிரியைச் செலுத்தச் சொன்னேன். என் கையாலேயே வடித்து நிரப்பிய நீர். எந்த ஆற்றையும் தொடாத நீர். அதிலும் கூம்பு எழுந்தது. ஆற்று நீரின் கூம்புக்குக் குறையாத உயரம்.

மறுகணம், வேறொரு பரபரப்பு என்னைப் பற்றிக்கொண்டது. பாதரசம் ஆற்றில் இல்லை, வாய்க்காலில் இல்லை. அது எங்களோடு காரில் வந்திருக்கிறது. கோடு தட்டையாய்க் கிடந்த புதனன்று காரில் இல்லாதவர் ஒருவரே.

காலிப் புட்டி ஒன்றைக் கருவியாளரிடம் கொடுத்து, “கரையில நடந்தத அப்படியே செஞ்சு காட்டுங்க. நீங்கதான் மாமா” என்றேன். அவர் கை கழுவும் தொட்டியை ஆறாகக் கொண்டு, ஒரு கையால் குழாயைப் புல்லெனப் பற்றினார். மறுகையால் மூடியைத் திருகிக் கழற்றினார். புட்டியை முழுகச்செய்ய வேண்டும். மூடியை வைக்கக் கையில்லை. அவருடைய விரல்கள் தாமாகவே இடுப்புக்குப் போயின.

“மடியில செருகுவாரு மேடம். ஒவ்வொரு தடவையும். வெத்து மாதிரி மூடியக்கூட நீங்க அவர்கிட்டதான் குடுத்தீங்க.”

பீடியோ, சில்லறையோ, பேருந்துச் சீட்டோ, தோட்டத்தில் வேலை செய்பவரின் கையில் இருப்பது எதுவும் மடிக்குத்தான் போகும். அதை நான் நாள்தோறும் பார்த்தவள். புட்டிக்கும் கைக்கும் விதி எழுதியவள், மூடிக்கு ஒரு வரி எழுதவில்லை.

அரைமணி நேரத்தில் தோட்டத்தில் இருந்தோம். விவசாயி சிறுகீரைப் பாத்திக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அரணாக்கொடியில கட்டியிருக்கீங்களே, அது என்ன மணி?”

“ரசமணி டீச்சர். மலையடிவாரத்துல ஒரு சாமியாரு குடுத்தாரு. இடுப்பு வலிக்கு நல்லதுன்னு. ஏன்?”

“அத எதுல செய்வாங்க?”

“ரசத்துலதான். பாதரசத்த மூலிகைச் சாறு விட்டுக் கட்டி…” அவர் நிறுத்தினார். மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார். “கட்டுன ரசம் கரையாதுன்னாரே டீச்சர்.”

“கண்ணுக்குத் தெரியிற அளவுக்குக் கரையாதுண்ணே. எங்க கருவி அதுல கோடியில ஒரு பங்கக்கூடப் பாத்துரும்.”

“அப்ப என் கெணத்துக்கு நானேதான் வேட்டு வச்சிருக்கேனா?”

“தண்ணி எடுத்துப் பாப்போம் மாமா” என்றார் கருவியாளர். “நீங்க அந்த வேப்ப மரத்துக்கிட்டப் போய் நில்லுங்க. கையக் கட்டிக்கிட்டு.”

அவர் மெய்யாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மோட்டாரையும் அதன் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியாளர் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீரெடுத்தார். மூடிகளை நான் கையுறையணிந்த கையில் வாய் கவிழ்த்துப் பிடித்திருந்தேன். வெற்று மாதிரியும் வைத்தோம். முடிவு தெரியும்வரை வீட்டில் இருப்புக்கொள்ளாது என்று அவரும் காரில் ஏறிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் மூவரும் திரையின் முன் நின்றோம். வெற்று மாதிரி: தட்டை. வாய்க்கால் நீர்: தட்டை. கடைசியாகக் கிணற்று நீரைச் செலுத்தினோம். கோடு தொடங்கியது, நகர்ந்தது, திரையின் மறுமுனையைத் தொட்டது. எங்கும் எழவில்லை.

விவசாயி குனிந்து பார்த்தார். “என்ன மாப்ள, கோடு படுத்துருச்சு. மிசினு செத்துப்போச்சா?”

“மிசினு நல்லாத்தான் இருக்கு மாமா. உங்க கெணறுதான் பொழச்சிருக்கு.”

அவர் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “அப்ப தண்ணி சுத்தம்னு எழுதிக் குடுத்துருங்க டீச்சர்” என்றார்.

“பாதரசம் இல்லன்னு எழுதுறேன். சுத்தம்னு எழுத மாட்டேன். வாய்க்கால்ல நுரை வருதே, அது என்னன்னு பாக்கணும்.”

“இம்புட்டுக் கறாரா இருக்கீங்க, மூடிய மட்டும் எப்படி விட்டீங்க?”

கருவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் அந்த அடியை வாங்கிக்கொண்டேன். அறிக்கையிலும் அதை அப்படியே எழுதினேன். முதல் முடிவு பிழை. பிழைக்குக் காரணம் நீரெடுத்தவர் அல்லர், நீரெடுக்கும் முறையை வகுத்தவர்.

புறப்படும் முன், மணியைச் சோதிக்க முடியுமா என்று அவரே கேட்டார். கழற்ற வேண்டியதில்லை, தூய மூடி ஒன்றைச் சிறிது நேரம் மடியில் செருகியிருந்தால் போதும் என்றேன். அந்த மூடியைக் கழுவிய நீரைச் செலுத்தினோம். கோடு சுவர்போல் எழுந்து, திரையின் மேல்விளிம்பைக் கடந்து போயிற்று.

“இது நாள் முழுக்க ஒடம்புலதான கெடக்கு” என்றார், தமக்குத் தாமே.

“ஆவியாவும் உள்ள போகும் அண்ணே. இடுப்பு வலிக்கு வேற வைத்தியம் பாப்போம்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முடிச்சை அவிழ்த்தார். கொடியோடு மணியைக் கொண்டுவந்து, ஒரு புட்டியைத் திறந்து அதில் போட்டார். அது கண்ணாடியில் மோதி ஓய்ந்தது. மூடியை மேசையில் தேடினார். கருவியாளர் காலடியில் தேடினார். நான் விவசாயியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பார்வையைக் கண்டு, கையை மெல்ல மடிக்குள் விட்டு மூடியை எடுத்தார்.