எலுமிச்சைச் சாற்றில் அம்மா கலந்த பொடி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களுடைய உழைப்பையும் பொறுமையையும் உறவினர் அனைவரும் அறிவீர்கள். அம்மா தலைகுனிந்து நின்ற நாளையும் எழுதச் சொன்னவர்கள் அம்மாவேதான்.

குறிஞ்சிப்பாடியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அம்மா. சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதும் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். அப்பா நோயில் படுத்தபின் எலுமிச்சை ஸ்குவாஷ் செய்து விற்று எங்களைப் படிக்க வைத்தார்கள். மழைக்காலத்தில் பாட்டில்களில் பூஞ்சை பூத்துவிடும். அப்படியே சாக்கடையில் கொட்டுவார்கள். பிறகு மாதர் சங்கத்துத் தொழில் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, பூஞ்சையைத் தடுக்கும் வெள்ளைப் பொடியைக் கலக்கத் தொடங்கினார்கள். அளவோடு போட்டால் தவறில்லாத பொடிதான். ஆனால் மருந்து சேர்க்காத வீட்டுச் சரக்கு என்று வாங்கிய பெயரை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மல்லிகா அத்தை வந்தார்.

"ஏங்க்கா, இதுல மருந்து ஏதாச்சும் போடுறீங்களா? பாப்பாவுக்கு இழுப்பு இருக்குது. டாக்டர் பாத்துக் குடுக்கச் சொன்னாரு."

வாங்க வந்த வேறு பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள்.

"எம் புள்ளைங்களுக்குக் குடுக்கறதத்தான் விக்கிறேன். ஒண்ணும் போடலம்மா," என்றார்கள் அம்மா.

அன்று மாலையே குழந்தைக்கு மூச்சு இழுத்தது. செய்தி கேட்டு அம்மா செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நானும் கூடப் போனேன். குழந்தை என்ன சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டார்.

"இவங்க வூட்டு ஸ்குவாஷ்தான் சார். மருந்து இல்லாதது," என்றார் அத்தை.

"இல்லீங்க சார். பொடி போட்டிருக்கேன். பொய் சொல்லிட்டேன்," என்றார்கள் அம்மா.

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பொடி இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்றார் டாக்டர். அத்தை திட்டவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தா வாங்காம போயிருப்பேனேக்கா. அவ்ளோதானே?"

குழந்தை பிழைத்தாள். அதன்பின் ஒவ்வொரு பாட்டிலிலும் பொடியின் பெயரை எழுதி ஒட்டினார்கள் அம்மா. வியாபாரம் படுத்தது. கைப்பக்குவத்தை யாராவது புகழ்ந்தால் உள்ளே போய்விடுவார்கள். அத்தை வீட்டு விசேஷங்களில் பாத்திரம் கழுவுவார்கள். பந்தியில் உட்கார மாட்டார்கள்.

கடைசி நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவர் அதே அத்தைதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டே வாய் திறப்பார்கள்.

"கண்ணத் தொறங்கக்கா. பாப்பா காலேஜே போய்க்கினு இருக்கா. இன்னுமா அதையே நெனச்சிக்கினு இருக்கீங்க?"

அம்மா கடைசிவரை கண்ணைத் திறந்து அவரைப் பார்க்கவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. மல்லிகா அத்தைக்கு மட்டும் நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. அவரை வணங்குகிறோம்.

— மகள்