நரம்புச் சிலந்தி பிடித்த கால்

எங்கள் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அத்தை மகளின் இடது கணுக்காலில் நரம்புச் சிலந்தி கிளம்பியது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அத்தை வீடு குருபரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில். ஊரே படிக்கிணற்றில் கால் நனைய இறங்கித் தண்ணீர் மொண்டது. அதைக் குடித்தவர்களில் சிலருக்குப் பல மாதம் கழித்துக் காலில் ஒரு கொப்புளம் எழும்பும். அது உடைந்து, வெள்ளை நூல் போன்ற புழு தலை நீட்டும்.

அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குச்சியில் சுற்றி, அன்றன்று வருகிற அளவுதான் எடுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே தங்கியது சீழ் வைத்துக் காலை முடக்கிவிடும்.

"நொண்டிக்கிட்டு மணையில உக்கார வெக்க மாட்டேன். காலு நேராவட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள் அத்தை.

ஆக, என் கல்யாணம் அந்தப் புழுவின் கையில் இருந்தது. புழுவோ ஹெல்த் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. அவர் தினமும் காலையில் சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் முழங்கால் மேல் எடுத்து வைத்து, புண்ணில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, தீக்குச்சியை மெல்ல உருட்டுவார். நான் விடுமுறை நாளில்தான் போவேன். என் முறைப்பெண்ணின் கணுக்காலை நான் முதன்முதலில் பார்த்ததே அவர் முழங்கால் மேல்தான்.

"இதுக்கு ஏன் சார் சிலந்தின்னு பேரு?" என்று அவள் ஒரு நாள் அவரைக் கேட்டாள். பத்திரிகைக்காரனான நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சிலந்தி உள்ளருந்து நூல் விடுதில்ல? அதே மாதிரி உன் காலும் நூல் விடுதும்மா. கொஞ்ச நாள்ல நீ வலையே பின்னிடுவே."

அவள் சிரித்தாள். வலியில் கிடந்தவள் சிரித்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் அகராதிகளைப் புரட்டினேன். சிலந்தி என்றால் எட்டுக்கால் பூச்சி. நஞ்சுக் கட்டிக்கும் புண்ணுக்கும் அதே பெயர். அந்தப் பூச்சியின் நீர் பட்டால் உடம்பில் கொப்புளம் கிளம்பும் என்று முன்னோர் நம்பியிருக்கிறார்கள். பூச்சியின் பெயர் புண்ணுக்கு வந்தது, புண்ணிலிருந்து அதற்குள் இருந்த புழுவுக்கு வந்தது என்று எனக்குப் பட்டது. நம் எல்லையிலேயே கன்னடம் பேசுகிறவர்கள் நாரு ஹுண்ணு என்பார்கள், தெலுங்குக்காரர்கள் நாரி குருப்பு என்பார்கள். இரண்டு பேரும் நாரைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க, தமிழன் மட்டும் சிலந்தியைப் பிடித்துக்கொண்டான். நூலைப் பார்த்துத்தான் வைத்தான் என்பதற்கு எந்த அகராதியிலும் ஆதாரம் இல்லை.

அடுத்த முறை போனபோது, இன்ஸ்பெக்டர் இருக்கும்போதே இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குச்சி உருண்டுகொண்டே இருந்தது.

"ஏம்ப்பா, வலியில கெடக்கறவகிட்ட வந்து பாடம் நடத்தறியே" என்றாள் அத்தை.

"அவரு சொன்னதுதாம்மா நல்லாருக்குது" என்றாள் மகள்.

அவர் சைக்கிள் தெரு முனையைத் திரும்பியதும் அத்தையிடம் சொன்னேன். "தெனமும் அவரு எதுக்கு வரணும்? நான் லீவு போட்டுட்டு வந்து சுத்தறேன். கட்டிக்கப் போறவன்தானே?"

அவள் காலைச் சட்டென்று பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம் மாமா. அவரு வர்றது சீக்கிரம் நிக்கணும்னு நீங்க வெடுக்குனு இழுப்பீங்க. அந்துடும்."

அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புழு அறுபடாமல் முழுசாக வெளியே வந்தது. அன்று நான் அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் அதை அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். அதை அவளே எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

தை மாதம் கல்யாணம். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மி மிதிக்கும் நேரம் வந்தபோது நான் குனிந்து அவள் பாதத்தைக் கையில் எடுத்தேன். கணுக்காலில் ஒரு பைசா அளவுக்கு வெளுத்த தழும்பு. அம்மி மேல் வைத்து மெட்டி போடும்போது அவள் குனிந்து என் காதருகே சொன்னாள்:

"மெதுவா."

அவரிடம் அவள் ஒரு நாளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.